அடியில் போகும் கால்

கதவு திறந்தது. செருப்பைக் கழற்றியவள் காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

நிலைப்படிக்கு அப்பால், வெள்ளைத் தரையில், வட்டமாக ஒரு பின்னல் விரிப்பு. அரக்கு நிறம். இடையிடையே கடுகு மஞ்சள்.

அது அவளுடைய கூறைப்புடவை.

சந்தேகமே இல்லை. தாலி ஏறும்போது உடம்பில் இருந்த துணி யாருக்கு மறக்கும்? ஒற்றைப் பெட்டியோடு இந்த வீட்டை விட்டுப் போனபோது பீரோவிலேயே தங்கிவிட்டது. ஆள் விட்டுக் கேட்டாள். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள்.

"உள்ள வாங்க," என்றாள் பிரவீணா. அவள் புருஷனாயிருந்தவர் இப்போது கட்டிக்கொண்டிருப்பவள். விரிப்பின் ஓரத்தில் ஒரு கால் வைத்து நின்றிருந்தாள். "அட, மிதிச்சுட்டே வாங்க. அதுக்குத்தானுங்க போட்டிருக்கு."

கூறையை யாராவது மிதிப்பார்களா? இற்றுப்போனாலும் கத்தரி வைக்கமாட்டார்கள். அவள் அம்மாவைக் கூறை போர்த்தித்தான் எடுத்தார்கள்.

பிரவீணா சிரித்தபடி ஹாலைக் காட்டினாள். சாம்பல் சோபா, வெள்ளைச் சுவர், பிரம்பு விளக்கு. அவள் காலத்துக் கண்ணாடி அலமாரி போன இடம் தெரியவில்லை.

"எல்லாமே கிரேயா இருந்துச்சுங்களா, வாசல்ல மட்டும் பழைய மாதிரி ஒண்ணு கெடந்தா எடுப்பா இருக்கும்னு. கடையில வாங்கினதில்லைங்க, வீட்லயே பின்னினது."

யார் பின்னினது என்று சொல்லப் பிரவீணா வாயெடுத்தாள். வந்தவள் காதில் எதுவும் ஏறவில்லை.

வந்த ஆத்திரத்துக்குள்ளேயே, நல்லதாகப் போயிற்று என்றும் தோன்றியது. வெட்கமில்லாமல் தோன்றியது.

நாளைக்குக் கோர்ட்டில் மகள் இலக்கியா சொல்ல வேண்டும், அம்மாவோடு இருப்பாளா அப்பாவோடா என்று. பதின்மூன்று வயதுப் பெண், அவள் வாயாலேயே சொல்லட்டும் என்றுவிட்டார் நீதிபதி.

மகளிடம் இதைக் காட்டினால் போதும். பார், அம்மாவின் கூறையை இவள் என்ன செய்திருக்கிறாள் பார்.

இலக்கியாவுக்கு அந்தப் புடவையைத் தெரியும். பீரோவைத் திறந்தால் போதும், இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வாள். எனக்குத் தருவியா என்பாள். உன் கல்யாணத்துக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

இன்று மேலே வரச் சொன்னதும் இலக்கியாதான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே, வாட்ச்மேன் நாற்காலி பக்கத்தில் காத்திருக்க வேண்டும். 'மேல வாம்மா' என்று காலையில் மெசேஜ் வந்தது. லிஃப்ட் கண்ணாடியில் அவள் தன் முகத்தைச் சிரிக்க வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

குனிந்து விரிப்பைத் தொட்டாள்.

விரல் நின்றது.

முடியோ துணியோ, மூன்று கால் பிரித்துப் பின்னும்போது எல்லோரும் ஓரத்துக் காலை நடுக்காலின் மேலே போடுவார்கள். இதில் அடியில் போயிருந்தது. சுற்றுக்குச் சுற்று, அடியில். பின்னல் கயிறு மாதிரி புடைத்து நின்றது.

அது அவளுடைய தப்பு. சின்ன வயதிலிருந்தே கை அப்படித்தான் போகும். அம்மா திட்டியும் மாறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் அவசரத்தில் மகளுக்கும் அப்படியே பின்னிவிட்டாள். அதைப் பார்த்து மகள் பொம்மைக்குப் பின்னினாள்.

பிரவீணாவின் முடி தோளோடு வெட்டியிருந்தது. பின்னிப் பழகிய முடியில்லை.

வீட்டை விட்டுப் போன அன்று காலையிலும் பின்னிவிட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே. வலிக்குதும்மா என்றாள் இலக்கியா. போயிட்டு வா, சாயங்காலம் பிரிச்சுவிடறேன் என்றாள்.

சாயங்காலம் அவள் இல்லை.

அந்தப் பின்னலை யாரையும் தொடவிடாமல் பிள்ளை எத்தனையோ நாள் வைத்திருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அழுதாள். திரும்பி வரவில்லை.

அறைக் கதவு திறந்தது.

இலக்கியா ஈரக் காலோடு வந்தாள். நேராக வந்து விரிப்பின் நடுவில் நின்றாள். ஒரு காலைத் துடைத்தாள். அப்புறம் மறு காலை. அவசரமே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே துடைத்தாள்.

"நல்லாருக்காம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"உன் கூறையில இன்னும் துணி மிச்சம் இருந்துச்சு. உன் வீட்டு வாசலுக்கும் ஒண்ணு பின்னிட்டேன். நாளைக்குக் கோர்ட்டுக்கு எடுத்துட்டு வர்றேன், வாங்கிட்டுப் போயிடு."



கூறையா என்பதுபோல் பிரவீணா விரிப்பைப் பார்த்தாள். பிறகு அதன் மேலிருந்த தன் காலை மெல்ல எடுத்துக்கொண்டாள்.