சகாயமேரியின் கை

எங்கள் தெருக்காரர்களே குழு அமைத்து நடத்தும், அரசு உதவி பெறும் பள்ளி அது. அலைந்து திரிந்து அனுமதி வாங்கியவள் சகாயமேரி. அந்த நாட்களில் அவள் புருஷன் கடைச் சாப்பாடு சாப்பிட்டதெல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளை அங்கே படிக்காதவர் குழுவில் இருக்கக் கூடாதென்று, கவுன்சிலரைத் தடுக்க விதி போட்டவளும் அவளே. இந்த வருஷம் அவள் மகள் ஐந்தாவது முடித்துவிட்டாள். அங்கே ஐந்தாவது வரைதான்.

“உங்களுக்கு மட்டும் விட்டுக்குடுக்கலாம்க்கா,” என்றான் செயலர் ஏகாம்பரம்.

“நாளைக்குக் கவுன்சிலருக்கும் விட்டுக்குடுப்பே. ஓட்டுக்கு விடுப்பா.”

தன்னை நீக்க முதலில் கை தூக்கியதும் அவள்தான். பிறகே மற்றவர்கள் தயங்கித் தூக்கினார்கள். எண்ணி முடித்ததும் கைகள் இறங்கின. அவளுடையது இறங்கவில்லை. ஏதோ சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது. கூட்டத்தில் உறுப்பினர்கள்தான் பேசலாம் என்பதால், என்னவென்று யாரும் கேட்கவில்லை.