வாசித்துக் காட்ட வந்தவள்

எப்படிக் கொல்வது என்பதைப் பேருந்தை விட்டு இறங்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். தண்ணீரில்தான். கிழவர் ஆடிப்போய்விடுவார்.

கதவைத் திறந்த கிழவர் சுவரைத் தடவிக்கொண்டே முன்னால் நடந்தார். "வாம்மா. வாரம் பூரா தூக்கமே இல்ல. அந்தக் கலங்கரை விளக்கத்துப் பொண்ணு படகுல ஏறினாளா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."

"படிக்கத்தானே சார் வந்திருக்கேன். உக்காருங்க."

"பாவி, சரியான இடத்துல நிறுத்திட்டுப் போயிட்டியே!"

அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவள் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். புத்தகத்தில் அந்தப் பெண் படகேறிப் பத்திரமாக அக்கரை சேர்கிறாள். ஆனால் இவள் வாசித்ததில் படகு பாறையில் மோதியது. பெண்ணின் கூந்தல் அலைமேல் விரிந்தது, மெல்ல அமிழ்ந்தது. இடையிடையே தாளைச் சரசரவென்று புரட்டவும் அவள் மறக்கவில்லை.

கிழவரின் உதடு துடித்தது. பார்வையில்லாத கண்களிலிருந்து நீர் வழிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பார்வை இழந்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் புத்தகம் வாசிக்கும் சங்கம் அது. "அச்சகம் வச்சிருந்தவராம். சரியான சிடுமூஞ்சி, யாருமே போக மாட்டேங்கிறாங்க" என்று செயலாளர் அக்கா அலுத்துக்கொண்ட அன்று இவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம், "இவளல்லவா தொண்டர்! தங்கம்!" என்று அக்கா உச்சி குளிர்ந்தாள். தங்கம் தலையைக் குனிந்துகொள்ளும்.

அந்த அச்சகத்தில் அவளுடைய அப்பா ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் மதியம், காரணம் ஒன்றும் சொல்லாமல் முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காரணம் இல்லாமல் ஊர் விடுமா? அச்சுக் கோக்கும் ஈய எழுத்துகளைக் கடத்தி விற்றார் என்று அதுவாகவே ஒன்றைக் கட்டிவிட்டது. அப்பா வாயே திறக்கவில்லை. ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போனார். இருமி இருமி, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

சின்ன வயதில் அவளைத் தூங்க வைக்க, அச்சுக்கு வரும் அயல்நாட்டுக் கதைகளைத்தான் அப்பா சொல்வார். காய்ச்சல்காரி எழுந்து உட்கார்வாள். போருக்குப் போனவன் ஊன்றுகோலோடாவது வீடு திரும்புவான். வளர்ந்து, நூலகத்தில் அதே கதைகளை வேறு பதிப்பில் படித்தபோதுதான் அதில் பாதிப் பேர் செத்துப்போவது அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை அழக் கூடாதென்று கதையையே மாற்றிச் சொன்ன மனுஷன், அவரா திருடுவார்?

கிழவருக்கென்று மிஞ்சியிருந்தது அலமாரி நிறையப் புத்தகங்கள், எல்லாம் அவர் அச்சிட்டவை. 'முதலாளி தாளைத்தான் எண்ணுவார், ஒரு வரி படித்ததில்லை' என்று அப்பா சிரித்ததுண்டு. அது போதுமாக இருந்தது அவளுக்கு. வந்த நாள் முதல் ஒரு புத்தகத்தில்கூட அவள் யாரையும் உயிரோடு விடவில்லை.

கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, நீ படிக்கிற கதையில மட்டும் ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்களா?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"பொழைப்பாங்க சார். நான்தான் விடுறதில்ல."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உங்க பிரஸ்ல ப்ரூஃப் பாத்தாரே, தடிக் கண்ணாடி போட்டவர், அவர் பொண்ணு நான். தொண்டு செய்ய ஒண்ணும் வரல. உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது கதை ஒண்ணுதான். அதையும் நாசமாக்கணும்னுதான் வந்தேன்!"

வெளியே போ என்று கத்துவார் என்று காத்திருந்தாள். கிழவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணு அக்கரையில ஒரு ரொட்டிக் கடை போடுவா. ஜன்னலுக்கு நீல பெயின்ட் அடிப்பா. சரிதானே?"

அவள் மடியிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள். நீலம்தான்.

"தெரியுமா? அப்புறம் எதுக்குத் தூக்கம் வரலன்னீங்க?"

"நீ அவளை என்ன பண்ணப்போறியோன்னுதான். உங்கப்பா போனதுக்கப்புறம், அதுவரைக்கும் பிரஸ்ல அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் நானே உக்காந்து படிச்சேன். வேற யாரையும் நம்ப முடியல."

"நம்ப முடியலையா? எங்க அப்பா அப்படி என்னத்தைத் திருடினாரு? வீட்டு வாசல்ல நின்னு திருடன்னு கத்துனாங்க சார். அவர் திருடலன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"திருடனா?" கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "உங்கப்பாவையா? யாரு சொன்னா? ஐயோ... விஷயம் வெளிய தெரிஞ்சா வேற எந்த பிரஸ்லயும் சேக்க மாட்டாங்களேன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்மா. அவருக்கு நல்லது பண்றதா நெனச்சேனே."

"என்ன விஷயம்?"

கிழவர் கையை நீட்டித் தடவி, அவள் மடியிலிருந்த புத்தகத்தைத் தொட்டார்.

"மூலக்கதையில இவ தண்ணியிலதான் சாவா. நீ வாயால மாத்துற மாதிரி, உங்கப்பா அச்சுலயே மாத்திட்டாரும்மா."