நேர் நடை

"ஊதுங்க" என்றாள் மனைவி.

தையல்காரர் கேபின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊதினார். கண் இரண்டும் சிவந்திருந்தன, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, காலையிலிருந்து நான்கு முறை வாந்தி. வாயில் எலுமிச்சம்பழ வாடை மட்டும்தான் வந்தது. அதையும் அவள் நம்பவில்லை.

"கடல்மா. கப்பல் ஆடுது" என்றார் அவர். கப்பல் நர்ஸ் கொடுத்த மாத்திரையில் நாக்கு தடித்துப்போயிருந்தது. அதனால் அவள் காதில் "கழழ்மா, கப்பழ் ஆழுது" என்றுதான் விழுந்தது.

பதினாறு வருஷம் கேட்டுச் சலித்த குரல் அது. அவள் முகம் சுண்டிவிட்டது.

அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கை நடுக்கம் போய், மெஷினில் தையல் நேராக ஓட ஆரம்பித்திருந்தது. விலகிப்போன வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒரு வருஷம் தாண்டினால் கப்பல் பயணம் என்று மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். சொன்னபடி அழைத்தும் வந்துவிட்டாள். காவலுக்குத் தன் அண்ணனையும் கூட்டி வந்தாள்.

அண்ணன் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். கல்யாண வீட்டில்கூடக் குடிப்பழக்கம் உள்ளவர் பக்கத்தில் உட்காராதவர். தங்கையின் புருஷனைப் பார்க்கும்போதெல்லாம், வரிசையில் தப்பாக நிற்கிற பையனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

முந்தின நாள் மாலை கடல் கொந்தளிக்க ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேஜையின் தட்டுகள் அடுத்த மேஜைக்கு விருந்து போயின. வராந்தாவில் ஒரு பல் டாக்டர், எதிரே வருகிறவர்களை எல்லாம் கட்டிப் பிடிப்பதும் மன்னிப்புக் கேட்பதுமாகப் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் தவழ்ந்தார்கள்.

டிரில் மாஸ்டர் ஒருவர்தான் நடந்தார். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் அவர் வலப்பக்கம் சாய்ந்தார். அது இந்தப் பக்கம் வந்தால் இவர் அந்தப் பக்கம் போனார். இரண்டும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மணிக்கொரு தரம் மூச்சுப் பயிற்சி என்று மேல்தளத்துக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் நடை இன்னும் சீராகத் திரும்பி வந்தார்.

இப்போதும் அப்படித்தான், கிராம்பை மென்றபடி, கதவுச் சட்டத்தைக்கூடத் தொடாமல் உள்ளே நுழைந்தார்.

"என்னம்மா, ஆரம்பிச்சிட்டாரா?"

"தெரியலண்ணா. கப்பல் ஆடுதுங்கிறார். எல்லாருமே ஆடத்தானே செய்றாங்க."

"நான் ஆடுறேனா?"

அவள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். கொடிக்கம்பம் நட்ட மாதிரி நின்றார்.

"அவ்வளவுதாம்மா விஷயம். உடம்பு சுத்தமா இருந்தா, கடல் நம்மள ஒண்ணும் பண்ணாது. மாப்பிள்ளை, வெளிய வாங்க."

வராந்தாக் கம்பளத்தின் நடுவில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. அதன்மேல் பத்தடி நடக்கச் சொன்னார் மாஸ்டர்.

தையல்காரர் முதலடியைக் கோட்டில்தான் வைத்தார். இரண்டாவது அடி எதிர்க் கேபின் கதவில் விழுந்தது. மூன்றாவதற்கு, அழுக்குத் துணி வண்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தார்.

"இப்படி நடக்கணும்" என்று மாஸ்டர் கோட்டின்மேல் நடந்து காட்டினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோடு முடியும்வரை போய், திரும்பி, அதே கோட்டில் வந்தார். ஒரு குதிகால்கூட விலகவில்லை. கதவருகே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் கைதட்டினார்.

வண்டிக்குள்ளிருந்து தையல்காரர் தலையை நீட்டினார். "மச்சான், சத்தியமா நான் தொடல."

"சத்தியம் பண்றதுக்கே நாக்கு குழறுதே."

மனைவி போர்வை ஒன்றை விலக்கி அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "கரை இறங்கினதும் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். இன்னொரு பதினாறு வருஷம் என்னால முடியாது."

கடல் புரட்டியபோதுகூடத் தையல்காரர் இப்படிக் கலங்கவில்லை. கட்டிலில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டார். தான் குடிக்கவில்லை என்பது தனக்கு மட்டுமே தெரிந்திருப்பதால் என்ன பிரயோசனம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. மாஸ்டர் மூச்சுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். புயல் விலகிவிட்டது, இனிப் பயமில்லை என்றார். சொன்னது போலவே கப்பல் அடங்கிவிட்டது. மேஜைமேல் இருந்த தம்ளர்த் தண்ணீரில் ஒரு நெளிவு இல்லை.

தையல்காரர் எழுந்தார். எதையும் பிடிக்காமல் ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். மனைவி அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடல்மா. கப்பல் ஆடிச்சு" என்றார். நாக்கும் நேராகியிருந்தது.

அவள் கண் நிறைந்துவிட்டது. "உங்கள ஊதச் சொன்னேனே, எனக்கு என்ன வந்தது? இருங்க, அண்ணனையும் கூப்பிட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்."

கதவைத் திறந்தாள். வராந்தாவில் எல்லோரும் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். பல் டாக்டர்கூட யாரையும் கட்டிப் பிடிக்காமல் போனார்.

படிக்கட்டுப் பக்கமிருந்து டிரில் மாஸ்டர் வந்தார். இடது சுவரில் மோதினார், அங்கிருந்து புறப்பட்டு வலது சுவரில் மோதினார். தீயணைப்புக் குழாயைக் கொஞ்ச நேரம் தழுவிக்கொண்டு நின்றுவிட்டு, ஒரே ஓட்டமாக வந்து தங்கையின் தோளைப் பற்றினார்.

"உள்ள போம்மா, எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோ. கடல் இப்பதான் பொங்க ஆரம்பிச்சிருக்கு."