கன்னத்து மச்சம்

பிளெக்ஸ் கடையின் கணினித் திரையில் கண்ணாயிரத்தின் முகம் பெரிதாகிக்கொண்டே போகிறது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் கணவரைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் தனம், அவர் கன்னத்து மச்சத்தைத் தேடுகிறாள். அங்கே சாம்பல் நிறச் சதுரங்கள்தான் தெரிகின்றன. "கேமராவுல சின்ன சைஸ் வச்சி எடுத்திருக்காங்கம்மா. பெருசாக்குனா உடையுது. வேற படம் இருக்குதா?" என்கிறார் கடைக்காரர். "கேமராவக் கண்டாலே நழுவிடுவாரு. இது ஒண்ணுதாங்க. இதையே போட்டுடுங்க" என்கிறாள். இந்தப் படம் எடுத்த மகள் கல்யாணத்தன்று, 'கார்டுல நிறையப் படம் பிடிக்கலாம், சைஸைக் கம்மி பண்ணு' என்று மகனிடம் சொன்னவள் அவள்தான். மின்விசிறிக் காற்றில் படபடத்தபடி அச்சு இயந்திரத்திலிருந்து பேனர் மெல்ல இறங்குகிறது. 'காணவில்லை' என்ற எழுத்துகள் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. அதற்குக் கீழே, தெருவில் போகிற எந்த ஆளுக்கும் பொருந்துகிற ஒரு முகம்.