கொண்டுவந்தவர் பேசக்கூடாது

யஹ்யா ஐந்து மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். ஸுபஹ் தொழுதான். கேத்தலை அடுப்பில் வைத்தான். பாணில் நான்கு துண்டு வெட்டி, இரண்டைத் தின்று, மிச்சத்தை மூடி வைத்தான். சட்டையை அயன் பண்ணினான்.

பௌர்ணமிப் போயா விடுமுறை. படிப்பிக்கப் போக வேண்டியதில்லை.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கல்லை எடுத்தான். தோல்பையில் வைக்கவில்லை. கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். தொடையில் கனத்தது.

அவன் மனைவி ஸக்கியா வந்த பஸ்ஸில் குண்டு வெடித்து ஏழு மாதமாகிறது. அவளுடைய கைப்பைக்குள் இருந்த கல் அது.

அவள் லக்கலையில் ஆங்கிலம் படிப்பித்தாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வற்றிய ஓடையில் அதைக் கண்டெடுத்ததாகப் போனில் சொன்னாள். உள்ளங்கை அளவு. செம்மண் நிறம். ஒரு பக்கம் வரிவரியாக, யானையின் கடைவாய்ப் பல் மாதிரி.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டச் சொன்னபோது முதலில் கைப்பையைத்தான் திறந்தார்கள். அந்தக் கல்லை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்ததும் ஆமாம் என்றான்.

ஏழு மாதமாக அதை யாரிடமும் காட்டவில்லை. அது பல்லாக இருக்க வேண்டும். சும்மா ஒரு கல்லாக இருந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

பலாபத்வலைக்கு முன்னால் அவன் போன பஸ்ஸை ஆமிக்காரர்கள் நிறுத்தினார்கள். பை வைத்திருந்தவர்களை இறக்கித் திறந்து பார்த்தார்கள். யஹ்யாவிடம் பை இல்லை. உட்கார்ந்தே இருந்தான்.

மர்சூக் நானாவின் தையல்கடையில்தான் போயாவுக்குப் போயா கூடுவார்கள். மூன்றே பேர். மர்சூக், யஹ்யா, மிளகுத் தோட்டத்தில் வேலை செய்யும் இருளாண்டி. துணி வெட்டும் மேசையில் ஒரு தேசிக்காய், ஒரு ஊசி, மர்சூக்கின் பூதக்கண்ணாடி. கல்லைப் பற்றி யாரும் எங்கும் படித்ததில்லை. கல் பொறுக்கும் பைத்தியம் மட்டும் மூவருக்கும் ஒன்று.

ஒரு சட்டம் உண்டு. கல்லைக் கொண்டுவந்தவர் வாய் திறக்கக்கூடாது. எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, என்னவென்று நினைக்கிறார், எதையும் மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை சொல்லக்கூடாது. இருளாண்டி ஒருமுறை வாசலிலேயே பாம்பு முட்டை என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று போயாவுக்கு எல்லோருக்கும் அது பாம்பு முட்டையாகவே தெரிந்தது. பிறகுதான் சட்டம் வந்தது.

யஹ்யா கல்லை மேசையில் வைத்தான்.

இவ்வளவு நாளும் எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. மர்சூக் நாற்காலியை மட்டும் அவன் பக்கம் தள்ளினார்.

தேசிக்காய்ச் சாறு விட்டுப் பார்த்தார்கள். நுரைக்கவில்லை. சுண்ணாம்புக் கல் இல்லை.

மர்சூக் வரிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கல்லைச் சட்டையில் துடைத்து, நுனி நாக்கை அதில் வைத்தார். கல்லாகிப்போன எலும்பு நாக்கைப் பிடிக்கும். வெறுங்கல் பிடிக்காது.

கையை எடுத்தார். கல் விழாமல் நாக்கிலேயே ஒரு நொடி நின்றது.

"புடிக்கிது," என்றார். "இருளாண்டி, புடிக்கிதுப்பா. பல்லு மாதிரித்தான் தெரியுது."

யஹ்யா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க நக்குனதுல எனக்கு என்னா மிச்சம்?" இருளாண்டி கல்லைத் தண்ணீரில் கழுவிவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். புரட்டினார். வரிகளில் விரலை ஓட்டினார். சிரித்துவிட்டார்.

"நானா, சுட்ட மண்ணும் நாக்கப் புடிக்குமே. தொர பங்களாவுக்கு ஓடு மாத்துனப்ப ஆயிரம் ஓடு தூக்குனவன் நான். அடிப்பக்கம் இதே வரி. இது ஓட்டுத் துண்டு. ஆத்துல உருண்டு உருண்டு மழுங்கியிருக்கு, அம்புட்டுத்தான்."

ஊசியால் ஓரத்தைச் சுரண்டினார். சிவப்புத் தூள் உதிர்ந்தது.

"சரி மாஸ்டர், இப்ப நீங்க பேசலாம். எங்க எடுத்தீங்க?"

"லக்கலையில்," என்றான் யஹ்யா. "ஸக்கியா எடுத்தது."

இருளாண்டியின் கையில் ஊசி நின்றது.

மர்சூக் கல்லை வாங்கினார். மறுபடியும் நாக்கில் வைத்தார். சுட்ட மண்ணும் பிடிக்கும் என்று இப்போதுதான் கேட்டவர். "புடிக்கிதுதான்," என்றார். யாரையும் பார்க்கவில்லை.

"என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல மாஸ்டர்," என்றார் இருளாண்டி. "பல்லாவும் இருக்கலாம்."

"ஓடுதான்," என்றான் யஹ்யா.

உதிர்ந்த சிவப்புத் தூளை விரலால் ஒற்றி எடுத்தான். கல்லைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மையித்து அடக்கிய அன்று வீட்டில் எல்லோரும் அவனிடம் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. வாறேன் என்றாள் என்று சொன்னான். உம்மாவிடமும் அப்படித்தான் சொன்னான். பொய்யில்லை. அது அவள் சொன்னதின் வால் மட்டும்.

நாளைக்குப் போயா, கல்லை மறக்காமல் கொண்டு வா என்று அன்று காலையிலிருந்து மூன்று தடவை போன் எடுத்தவன் அவன்.

அன்று மாலை நான்கு மணிக்கு, நாவுலவுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் நின்று அவள் பேசினாள். பின்னால் பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட யானப் பல்லக் கண்டு ஆமிக்காரங்க என்னைய எறக்கிட்டாங்க. என்னண்டு வெளங்கப்படுத்தி முடியிறதுக்குள்ள பஸ் போயிட்டு. கோவிக்காதீங்க, பல்லுக்கு ஒண்ணும் ஆகல்ல. அடுத்த பஸ்ல கொண்டு வாறேன்."