பேசி முடித்த ஊசி

எட்டு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறார் ஒரு கிளினிக் நர்ஸ். மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பேரைச் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் அவருக்கே தெரியும்.

பத்து பகாட் சாலையில் இருபத்தாறு வருஷமாகப் பழைய லோரி டயர் விற்கிறவன் நான். ஜொகூரிலும் சரி, பாலம் தாண்டிச் சிங்கப்பூரிலும் சரி, இந்தச் சின்னத்தம்பியிடம் ஒரு வெள்ளி கூடுதலாக வாங்கியவன் கிடையாது.

போன வருஷம் கால் பெருவிரலில் புண். ஆறவே இல்லை. ரத்தத்தில் சீனி பதினெட்டில் நின்றது; ஏழுக்குள் இருக்க வேண்டியது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நகத்தோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்சுலின் ஊசி எழுதி மிஸ்ஸியிடம் அனுப்பினார்.

பேனா மாதிரி ஓர் ஊசி. பின்பக்கம் திருகினால் எத்தனை யூனிட் என்று எண் வரும். ராத்திரி இருபத்திரண்டு போடுங்கள் என்றார் மிஸ்ஸி.

கேட்ட விலையைக் கொடுத்து நான் எதையுமே வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்து பன்னிரண்டுக்குத் திருகிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த தடவை விரலைக் குத்திப் பார்த்தார்கள். அதே பதினெட்டு. எத்தனை யூனிட் போடுகிறீர்கள் என்று மிஸ்ஸி கேட்டதும், பக்கத்தில் நின்ற என் மனைவி சந்திரமதி உளறிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத குடும்பத்தில் பெண் எடுத்தது என் தப்பு.

திட்டு விழும் என்று பார்த்தேன். மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சீனி இறங்கவில்லை, இனிமேல் முப்பது யூனிட் என்றார்.

"பதினாலு," என்றேன்.

"இது பாசார் இல்ல அங்கிள்."

"அப்ப எனக்கு ஊசியே வேணாம்."

எழுந்து கதவு வரைக்கும் நடந்தேன். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கைப்பிடியைத் தொட்டதும் கூப்பிட்டார்.

"சரி, இருபத்தாறு. உங்களுக்காக லா."

வெளியே நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்த சனம் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. நான் விடவில்லை. பழைய இருபத்திரண்டுக்கே கொண்டுவந்து முடித்தேன். கொசுறு என்ன என்று கேட்டேன். உள்ளங்காலைத் தினமும் பார்க்கச் சொல்லி ஒரு கைக்கண்ணாடி கொடுத்தார்.

மருந்து கவுண்டரில் பெட்டியை வாங்கிப் பார்த்தால், லேபிளிலும் இருபத்திரண்டு. நான் பேசி முடித்ததைக் கவர்மெண்டே அச்சடித்துக் கொடுக்கிறது! பின்னால் நின்ற சந்தனசாமியிடம் காட்டினேன். ரிட்டயரான செக்குரிட்டி; டாக்டர் சொல்வதை அப்படியே போட்டுக்கொள்கிற அப்பாவி.

"வாய் வேணும் சாமி," என்றேன்.

நான் ஆயிரம் பேசுவேன். ஆனால் பேசி முடித்த விலையில் மாறியது கிடையாது. கை கொடுத்தால் கொடுத்ததுதான். ராத்திரி ஒன்பதரைக்கு இருபத்திரண்டு, ஒரு நாள் தவறவில்லை. உள்ளங்காலையும் பார்த்தேன். சும்மா வந்த கண்ணாடியை வீணாக்குவானேன்?

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இதே சண்டை. அவர் முப்பதில் ஆரம்பிப்பார். நான் இழுத்துவந்து இருபத்திரண்டில் கட்டிப்போடுவேன். சீனி ஏழுக்கு வந்தது. புண் மூடியது. விரல் தப்பியது.

போன மாதம் போனேன். அந்த நாற்காலியில் பிரவீனா என்று ஒரு புது மிஸ்ஸி. பழையவர் மெர்சிங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம்.

"இருபத்திரண்டு யூனிட் அங்கிள்," என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

இறக்கி முடித்த விலையிலேயே ஆரம்பிக்கிறாயே, அப்படியானால் பதினாறு கொடு என்றேன். மாட்டேன் என்றாள். கதவு வரைக்கும் நடந்தேன். கூப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதும் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முதல் நாளிலிருந்து டாக்டர் எழுதியது இருபத்திரண்டுதான். முப்பது என்ற எண்ணே அதில் இல்லை.

எனக்குக் காது சுட்டது. "நான் முப்பதுக்குச் சரின்னு தலையாட்டியிருந்தா?"

"அதையேதான் நானும் பழைய மிஸ்ஸி அக்காகிட்ட போன்ல கேட்டேன். நீங்களாவது தலையாட்டறதாவதுன்னு அக்கா சிரிச்சாங்க. என்னையும் முப்பதுல ஆரம்பிக்கச் சொன்னாங்க. எனக்குப் பொய் வராது அங்கிள்."

பாருங்கள். ஒரு யூனிட் கூட இறக்காமல் முழுசையும் என் தலையில் கட்டி, கதவு வரைக்கும் நடக்கவும் விட்டு, என்னை வியாபாரி என்று நினைக்க வைத்திருக்கிறார்.

அதுதான் தெரிந்துவிட்டதே, பேசாமல் இருபத்திரண்டைப் போடுங்கள் என்று சந்திரமதி கெஞ்சினாள். நியாயம்தான். ஆனால் ராத்திரி பேனாவை எடுத்தால், கை பதினாறைத் தாண்டித் திருக மாட்டேன் என்கிறது. பேசாத விலைக்கு நான் எப்படிக் கட்டுப்படுவேன்?

நேற்று சீனி பதினைந்து. விரல் மறுபடி சிவக்கிறது.

"உங்க விரலு, உங்க வெல. நீங்களே பேசிக்குங்க," என்று சொல்லிவிட்டுச் சந்திரமதி உள்ளே போய்விட்டாள்.

ஆகவே, மெர்சிங்கில் இருக்கிற மிஸ்ஸி அவர்களே. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஆனால் ஒருத்தனை ஏமாற்ற ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டுப்போவது என்ன நியாயம்? ஒரு நாள் லீவு போட்டு வாருங்கள். பஸ் காசு நானே தருகிறேன், பேரம் பேசாமல். வந்து, இந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.