குறை ஒன்று

பேறுகால விடுப்பு முடிய இன்னும் நான்கே நாள். மகளைச் சேர்க்கலாமா என்று யோசித்த குழந்தைக் காப்பகத்தின் பழைய ஆய்வறிக்கைகளை அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். ஒன்பது வருடமும் சொல்லிவைத்தாற்போல் கடைசி வரி ஒன்றுதான்: 'குறை: ஒன்று.' என்ன குறை என்று எங்கும் இல்லை.

"ஒண்ணுதானே? உங்கண்ணன் வீட்டுல ஆயிரம் இருக்கு," என்றான் கணவன்.

மனசு கேட்காமல், சளி பிடித்திருந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரிலேயே போனாள். தரை பளிச்சென்று இருந்தது. அந்தக் குறை என்னவென்று கேட்டதும் காப்பகத்து அம்மா சிரித்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. தொட்டில் பன்னிரண்டு, பிள்ளைங்க பதினொண்ணு. ஒண்ணு குறையுது. அதைத்தான் எழுதுறாங்க."

"ஒன்பது வருஷமாவா?"

"அமையணுமில்ல."

சுவரில் இந்த வருட அறிக்கை மாட்டியிருந்தது. போன வாரத் தேதி, முத்திரை, கையெழுத்து. 'குழந்தைகள்: பன்னிரண்டு. குறை: இல்லை.'

"நான் இன்னும் சேர்க்கிறதாவே சொல்லலியே," என்றாள் அவள்.

அந்த அம்மா கோடியிலிருந்த பன்னிரண்டாவது தொட்டிலின் போர்வையை இழுத்துவிட்டாள். உள்ளேயிருந்து மகளின் இருமல் கேட்டது. அவள் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். மகளை வளைத்திருந்த கைக்குள் ஒன்றுமில்லை.